எம்.எம். 540 ஜீப்: பழைய வயரிங்கை முழுதாக இறக்கிவிட்டேன், கடலோரத்தில் அடுத்து என்ன செய்வது?

முதுநகர்_540

வணக்கம். பெரியப்பாவின் 1989 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கும் பலா மண்டிக்குமாக ஓடிய வண்டி. 2011 டிசம்பரில் தானே புயல் தோப்பைச் சாய்த்த பிறகு ஷெட்டுக்குள் போனது, அப்புறம் அதிகம் வெளியே வரவில்லை.

எஞ்சின் பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சிசி. பம்ப், நாசில் வேலை முடிந்துவிட்டது. சேஸ்ஸிஸ் வெல்டிங்கும் ஆயிற்று. வயரிங்தான் தலைவலி. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து எரியும். ஹெட்லைட் போட்டால் இண்டிகேட்டர் மங்கும். ஹாரன், ஃபாக் லைட், டேப் ரெக்கார்டர் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் ஒரு வயரை இழுத்து, டேப்புக்கு மேல் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன்.

எலக்ட்ரீசியன் "ரெடிமேட் செட் வாங்கிக் கொடுங்க, ஒரே நாள்ல மாட்டிடலாம்" என்கிறார். சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்குமாம். வாங்கலாமா, புதிதாகக் கட்டலாமா?

இரண்டாவது, பானெட்டுக்குள் என்ன பூசுவது? வீடு கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்), கடல் கூப்பிடு தூரம். காலையில் எழுந்து பார்த்தால் பானெட் மேல் பிசுபிசுவென்று உப்பு. சேஸ்ஸிஸுக்கு அடிக்கும் ரப்பர் கோட்டிங்கையே எஞ்சின் பக்கமும் அடித்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்.

இன்னொரு விநோதம். வயரிங்கை இறக்குவதற்கு முன்பு, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினை நிறுத்துகிற ஸ்டாப் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடும். செல்ஃபும் சோம்பலாகத்தான் சுற்றும், பேட்டரி புதுசு. கேபிளில் கிரீஸ் வற்றிவிட்டது என்கிறார் மெக்கானிக். சரியா?

துறைமுக_வயர்மேன்

தம்பி, ஸ்டாப் கேபிளுக்கு கிரீஸ் போடாதீர்கள். உங்கள் வண்டியின் வியாதி முழுவதும் அந்தக் கேபிளில்தான் தெரிகிறது.

நான் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிறவன். ஜீப் எனக்குப் பக்கத்து வேலை. ஆனால் உப்புக்காற்றில் செம்பு என்ன ஆகும் என்பது கார் எலக்ட்ரீசியனைவிடப் படகுக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டார் இழுப்பது 200 ஆம்பியருக்கு மேல். அந்தக் கரன்ட் எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்காக எஞ்சினுக்கும் சேஸ்ஸிஸுக்கும் நடுவே தட்டையான பின்னல் பட்டை ஒன்று இருக்கும். உங்கள் வண்டியில் அது அறுந்திருக்கும், அல்லது எஞ்சின் இறக்கியபோது யாரோ மாட்டாமல் விட்டிருப்பார்கள். வழி இல்லாத கரன்ட் கிடைத்த இரும்பில் போகும். பம்பிலிருந்து டாஷ்போர்டுக்கு வருகிற ஸ்டாப் கேபிள் இரும்புதானே, அதில் போயிருக்கிறது. கேபிள் சுட்டதும் செல்ஃப் சோம்பியதும் அதனால்தான்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட் மேல் வையுங்கள். கிளாம்ப் மேல் வேண்டாம், ஈய போஸ்ட்டிலேயே. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த், அதாவது கரன்ட் திரும்பி வருகிற வழி, சரியில்லை. பிரேக் மிதித்தால் பார்க்கிங் எரிகிற கதையும் இதே குடும்பம்தான். பின் விளக்கு ஹோல்டருக்கு எர்த் இல்லை, அதனால் கரன்ட் பக்கத்து ஃபிலமென்ட் வழியாக ஊருக்குப் போகிறது.

ஆகவே புது வயர் ஒன்றைக்கூட இழுப்பதற்கு முன் எர்த்தை முடியுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து சேஸ்ஸிஸுக்கு ஒன்று, சேஸ்ஸிஸிலிருந்து பாடிக்கு ஒன்று. முதல் இரண்டும் 35 சதுர மில்லிமீட்டர் கேபிள். புது பெயின்ட் அடித்த வண்டியில் எர்த் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பெயின்ட்தான். லக் (கேபிள் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் பளபளப்பு வரத் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கிவிட்டு, அதற்கு மேல் வாஸ்லின் தடவுங்கள். முறுக்குவதற்கு முன்பு அல்ல, பிறகு.

ரெடிமேட் செட் கெட்டதல்ல. கலர் சரியாக இருக்கும், கனெக்டர் பொருந்தும். ஆனால் கடையில் பார்த்தவற்றில் வயர் மெலிசு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹெட்லைட்டில் எச்4 பல்பு இரண்டு, ஹை பீமில் 120 வாட், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். 1 சதுர மி.மீ. வயரில் 4 மீட்டர் ஓடினால் அதிலேயே 0.7 வோல்ட் தொலையும், 2.5 வயரில் 0.28தான். பல்புக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். சிதம்பரம் ரோட்டில் ராத்திரி போனால் வித்தியாசம் கண்ணில் தெரியும். போதாததற்குப் பழைய வண்டியில் இந்த 10 ஆம்பியரும் ஸ்விட்ச்சுக்குள் போய்த் திரும்பி வருகிறது. ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்கள், லோ ஒன்று, ஹை ஒன்று. ஸ்விட்ச் ரிலேயை மட்டும் எழுப்பினால் போதும்.

நானாக இருந்தால் கட்டுவேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதை ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, திரும்புகிற இடமெல்லாம் ஆணி அடித்து, ஒவ்வொரு முனையிலும் எது எங்கே போகிறது என்று பெயர் எழுதுங்கள். பிறகு புது வயரை அந்த ஆணிகளின் வழியே ஓட்டினால் நீளம் தானாக வந்துவிடும். டேப் ரெக்கார்டர் வரலாறு எல்லாம் அங்கேயே கழன்றுகொள்ளும்.

வயர் விஷயத்தில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. பழைய வயரில் ஒரு முனையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு நிறம் இருக்காது, கறுத்திருக்கும். இன்னும் ஒரு சாண் வெட்டி உரியுங்கள், அங்கேயும் கறுப்பு. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறி, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வெகுதூரம் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரி. இதனால்தான் படகில் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போடுகிறோம், ஒவ்வொரு இழையும் வெள்ளையாக இருக்கும். விலை கூடுதல்தான். முழு வண்டிக்கும் வேண்டாம் என்றால் பானெட்டுக்குள் ஓடுவதற்கும் பின் விளக்குக்கும் மட்டுமாவது போடுங்கள். வீட்டு வயரிங் சுருளில் மிச்சம் இருக்கிறதே என்று அதை இழுக்க வேண்டாம். எஞ்சின் சூட்டுக்கும் டீசலுக்கும் அது செய்யப்பட்டதல்ல.

இணைப்பை எல்லாம் லக் வைத்து கிரிம்ப் செய்யுங்கள் (இடுக்கியால் நசுக்கி இறுக்குவது), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் உறை. ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் குச்சியாகிவிடும். டீசல் எஞ்சின் உதறலில் ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எஞ்சின் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பசை உருகி, டேப் நகர்ந்து, மண் ஒட்டி, கடைசியில் கை முழுக்கப் பிசுக்கு. துணி டேப் சுற்றி, நெளிவுக் குழாய்க்குள் விடுங்கள். குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் சின்னத் துளை ஒன்று போட்டால் உள்ளே சேரும் தண்ணீர் இறங்கிவிடும். சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற வயருக்கு மட்டும் கண்ணாடி இழை ஸ்லீவ்.

ரிலேயைக் கால் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ரிலேக்கோ ஃப்யூஸ் பெட்டிக்கோ போகிற வயர் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறி நுழைய வேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) வயர் நுழைகிற ஒவ்வொரு துளைக்கும் கிராமெட் என்கிற ரப்பர் வளையம் வேண்டும். தகரத்தின் விளிம்பு உறையை அறுத்து ஷார்ட் ஆவதுதான் ஜீப்புக்குத் தீப்பிடிக்க நல்ல வழி. மெயின் ஃப்யூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள்.

முன் கண்ணாடியை மடக்குகிற பழக்கம் இருந்தால் வைப்பர் மோட்டார் வயர் கீல் பக்கத்தில் நசுங்கும். அங்கே ஒரு கை நீளம் தாராளமாக விட்டு வையுங்கள்.

பலாக்கொட்டை

நானும் பண்ருட்டிதான். வயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. டாஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகிற கரன்ட் மொத்தமும் பானெட்டிலிருந்து டாஷ்போர்டுக்கு வந்து அதன் வழியாகப் போகிறது. பின்னால் நட்டு லூசானால் அங்கேயே பற்றிக்கொள்ளும். வோல்ட்மீட்டர் போடுங்கள், மெல்லிய வயர் போதும்.

எலிதான் பெரிய எதிரி. புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் பார்த்தாயிற்று, கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. ராத்திரி பானெட்டைத் திறந்தே விடுவதுதான் எங்கள் தெருவில் பலித்தது. இருட்டும் மறைவும் இல்லாவிட்டால் கூடு கட்டாது. வண்டியில் பலாப்பழம் ஏற்றினால் சுளைப் பிசிறு, கொட்டை ஒன்றுகூட இல்லாமல் பெருக்குங்கள்.

முதுநகர்_540

வயர்மேன் அண்ணே, நன்றி. போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்கும் சேஸ்ஸிஸுக்கும் நடுவே பட்டையே இல்லை, போல்ட் துளை மட்டும் பெயின்ட் அடைத்துக்கொண்டு இருக்கிறது. பழைய வயர் மூட்டையை எடுத்து உரித்தும் பார்த்துவிட்டேன். பின் விளக்கு வயர் ஒன்றரை அடி வரைக்கும் கறுப்பு.

பானெட்டுக்குள் பூசுவது பற்றி யாராவது சொல்லுங்கள். பேட்டரித் தட்டு அரித்துப்போய் ஓட்டை. இன்னொன்று, எல்லா பல்பையும் எல்.இ.டி. ஆக்கிவிட்டால் வயர் சுமை குறையும்தானே? கலர் மிலிட்டரி பச்சை என்று முடிவு செய்துவிட்டேன்.

புதுவை_டிங்கர்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் பாடி வேலை செய்கிறேன். ரப்பர் கோட்டிங் எஞ்சின் பக்கம் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் அந்தக் கோட்டிங்கை நகத்தால் கிள்ளினால் அப்பளம் மாதிரி கையோடு வந்தது. அடியில் ஈரமும் துருவும். துரு மேல் பூசினால் துருவைப் பத்திரமாக மூடி வைத்தது போலத்தான் ஆகும். எஞ்சின் சூட்டில் அது மெத்தென்று ஆகி ஆயிலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தகரம் தெரிகிற வரை சுரண்டுங்கள். பள்ளத்தில் மிச்சம் இருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலக் கரைசல். அப்புறம் கழுவ வேண்டும், இங்கேதான் ஓ.டி. ஆட்களுக்கு ஒரு சிக்கல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். நல்ல தண்ணீர் இரண்டு குடம் எடுத்துவந்து கழுவுங்கள். தகரத்தில் உப்பு இருக்கும்போதே பிரைமர் அடித்தால், அந்த உப்பு ஈரத்தை இழுத்து அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளப்பும். காய்ந்த உடனே, அதே நாளில், இரண்டு பாகம் கலக்குகிற எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து நாள்கணக்கில் நிறுத்தினால் ஈரம் குடிக்கும். மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காற்றில் அவ்வளவு ஈரம்.

பேட்டரித் தட்டை வெட்டி எடுத்துப் புதிது வையுங்கள். சுற்றியுள்ள இடத்தில் ஆசிட் ஊறியிருக்கும், சமையல் சோடா கரைத்து ஊற்றி நுரை நிற்கும் வரை கழுவிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். மடிப்புகளுக்குள் பிரஷ் போகாது, அங்கே மெழுகு ஸ்பிரே. பானெட்டுக்கு அடியில் பஞ்சு, சணல் மெத்தை எதுவும் ஒட்டாதீர்கள், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

டிஎன்31_வாசகன்

மிலிட்டரி பச்சை அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 ஆலிவ் கிரீன் நிறத்தை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. வேறு எந்த நிறம் என்றாலும் ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ள வேண்டும். வின்டேஜ் பதிவு பற்றி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், அது 50 வருடம் தாண்டிய வண்டிக்கு. உங்களுடையதற்கு வழக்கமான 5 வருடப் புதுப்பித்தல்தான், எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும்.

துறைமுக_வயர்மேன்

எல்.இ.டி. கேள்விக்கு மட்டும். பார்க்கிங், பின் விளக்கு, டாஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் மாற்றலாம். இண்டிகேட்டரை மாற்றினால் அதை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் படபடவென்று அடிக்கும்.

சார்ஜிங் சிவப்பு விளக்கை மட்டும் தொடாதீர்கள். அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சாவி போட்டதும் அந்த பல்பு வழியாகப் போகிற சின்னக் கரன்ட்தான் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டுதல். எல்.இ.டி. போட்டால் அது போதாது, எஞ்சின் ஓடும், சார்ஜ் ஏறாது, ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று ஒருவர் உங்களிடம் புதிதாக ஒன்றை விற்றுவிடுவார். பழைய மாதிரி 3 வாட் பல்பே இருக்கட்டும்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. கேபிள், டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ். நான்கு பிளக்கும் சேர்ந்து இழுப்பது ஹெட்லைட்டைவிடப் பல மடங்கு. எர்த் பட்டைக்குக் கடையில் அலைய வேண்டாம், துறைமுகப் பக்கம் வந்தால் படகு பேட்டரி கேபிளிலேயே லக் அடித்துத் தருகிறேன். வரும்போது அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற போல்ட்டை எடுத்து வாருங்கள், லக் அளவு பார்க்க வேண்டும்.