மறு: மறு: "சேர்ட்டிபைட் ஓடிட்டர்", வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் தேவை

தெஹிவளை, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் தமிழில் சுற்றாடல் முகாமைத்துவ வகுப்பு எடுக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றாடல் முகாமைத்துவ நியமத்தைப் படித்து, கம்பனிகள் அதன்படி நடக்கின்றனவா என்று பார்க்கிற ஓடிட்டராக வர நினைக்கிறவர்கள். கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். மற்றச் சொற்கள் எல்லாம் ஒருமாதிரி முடிந்துவிட்டன, இந்த ஒன்றில்தான் நிற்கிறேன்.

ஐந்து நாள் லீட் ஓடிட்டர் கோர்ஸில் உட்கார்ந்து எழும்பினால் ஒரு தாள் கிடைக்கும். பரீட்சையில் சித்தியடைந்தால் இன்னொரு தாள். அதற்குப் பிறகு உண்மையான ஓடிட்களுக்குப் போய், அந்த அனுபவத்தைப் பதிந்துவைத்து விண்ணப்பித்து, அதை ஒரு நிறுவனம் பரிசீலித்து ஏற்றுக்கொண்டால்தான் ஆள் "சேர்ட்டிபைட்". மூன்றுக்கும் தமிழில் நாங்கள் சொல்வது சான்றிதழ். வகுப்பில் இரண்டு பேர் முதல் தாளோடேயே விசிட்டிங் கார்ட் அடித்துவிட்டார்கள், கேட்டால் "சான்றிதழ் இருக்கிறதே டீச்சர்" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல? மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஒட்டுகிற ஒரு சொல் தாருங்கள். அக்கிரெடிட்டேஷனுக்கும், அதாவது சான்று கொடுக்கிற நிறுவனத்தையே இன்னொரு சபை பார்த்து ஏற்றுக்கொள்வதற்கும், ஒன்று கிடைத்தால் புண்ணியம்.

பம்பலப்பிட்டி, செவ்வாய் காலை

டீச்சர், வீட்டில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தெருத்தெருவாகத் தேடுகிறீர்கள்? அத்தாட்சி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத ஆள் இந்த நாட்டில் உண்டா? "அத்தாட்சி பெற்ற சுற்றாடல் கணக்காய்வாளர்" என்று போடுங்கள். அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளை மேசையில் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்த்தவன் சொல்கிறேன், அரசாங்கக் கச்சேரியில் விளங்குகிற சொல்தான் நிற்கும். அத்தமும் சாட்சியும் சேர்ந்து அத்தாட்சி என்பது என் கட்சி, அதாவது கைச்சாட்சி, ஒருவர் கையொப்பமிட்டுச் சொன்ன சாட்சி. நீங்கள் கேட்பதும் அதுதானே.

மதுரை, செவ்வாய் மதியம்

ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அத்தமும் வடசொல், சாட்சியும் வடசொல். கண்ணோடு உடன் இருந்தவன் என்பதுதான் சாட்சியின் பொருள். அதற்கு நம்மிடம் சொல் இல்லையா? "இந்திரனே சாலுங் கரி" என்று 25ஆம் குறளில் வள்ளுவர் வைத்திருக்கிறார். கரி என்றால் சான்று. பக்கத்திலேயே "சாலும்" நிற்பதையும் பாருங்கள், சான்று என்ற சொல் பிறந்த வேரும் அந்தச் சால்தான். ஒரே அடியில் இரண்டும் கிடைக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? என் பரிந்துரை: கரிபெற்ற சுற்றுச்சூழல் தணிக்கையாளர்.

கொட்டாஞ்சேனை, செவ்வாய் மாலை

சேர், மன்னிக்கவேண்டும், சிரித்து முடிய நேரமாகிவிட்டது. பியகமவில் ஒரு தொழிற்சாலையில் சுற்றாடல் வேலை பார்க்கிறவன் நான், கரித்தடம், அதாவது கார்பன் வெளியேற்றம், கணக்கெடுப்பதும் என் பொறுப்பு. "கரிபெற்ற" என்று கார்ட் அடித்துக்கொண்டு போனால், போய்லருக்குள் விழுந்து எழும்பி வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். கரியைக் குறைக்கிறவனுக்குக் கரிபெற்றவன் என்று பெயரா?

அடுத்தது தணிக்கை. கொழும்பில் தணிக்கை என்றால் சென்சர். யுத்த காலத்தில் பேப்பரில் செய்தி வெட்டப்பட்டதைத்தான் அந்தச் சொல் ஞாபகப்படுத்தும். எங்கள் பாக்டரிக்குத் "தணிக்கையாளர் வருகிறார்" என்று நோட்டீஸ் போட்டால் ஆட்கள் போனைத்தான் ஒளிப்பார்கள். கணக்காய்வு என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மதுரை, செவ்வாய் இரவு

கணக்காய்வில் கணக்கு இருக்கிறதே தம்பி. கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வருபவர் என்ன கணக்கை ஆய்கிறார்? தணிக்கையில் அந்தச் சிக்கல் இல்லை. "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் மேலாண்மை முழுவதும் அந்த ஓரடியில் இருக்கிறது: பாதிப்பைக் கண்டுபிடி, அதன் காரணத்தைக் கண்டுபிடி, தணி. தணிப்பதற்காகப் பார்ப்பது தணிக்கை.

பம்பலப்பிட்டி, செவ்வாய் நள்ளிரவு

இதைப் பார்த்துவிட்டு நித்திரை வரவில்லை. தணிக்கைக்கும் தணிப்புக்கும் ஒரு உறவும் கிடையாது ஐயா. தெலுங்கில் தனிகீ என்று இன்றைக்கும் சோதனைக்குச் சொல்கிறார்கள், அது அரபுச் சொல், நவாபு காலத்துக் கச்சேரிகள் வழியாக உங்களுக்கு வந்து சேர்ந்தது. என் அத்தாட்சி வடமொழி என்று தள்ளிவிட்டு அரபியைத் தூய தமிழாக்கிக் குறளையும் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள். நான் அரபியை வேண்டாம் என்று சொல்லவில்லை, வக்கீலும் வசூலும் எங்கே இருந்து வந்தன? வடசொல்லையும் எழுத்தைத் தமிழாக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் எச்சவியலில் வழி விட்டிருக்கிறார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மற்றக் கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வைக்காதீர்கள் என்பதுதான் என் கதை.

கணக்கு விஷயம்: ஓடிட் என்ற சொல்லுக்கே இலத்தீனில் மூலப்பொருள் கேட்பது. முன்பு கணக்கை வாசிக்கக் கேட்டுச் சரிபார்த்தார்கள். அவர்களே அதை விடாமல் வைத்திருக்கும்போது எங்கள் கணக்கு மட்டும் உறுத்துகிறதா?

மருதானை, புதன் காலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஓடிட் செய்து பிழைக்கிறவன், சொல்லாராய்ச்சி என் வேலை இல்லை. ஆனால் எல்லோரும் தாளைப் பற்றியே கதைக்கிறீர்கள், டீச்சர் கேட்டது ஆளைப் பற்றி.

முதலில், ஐ.எஸ்.ஓ. யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. நியமத்தை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை சரி. 14001 முதலில் 1996இல் வந்தது, 2004இலும் 2015இலும் திருத்தினார்கள், அதன்படி சான்று பெறுவது கம்பனி. ஆட்களுக்குச் சான்று கொடுக்கிற நிறுவனங்கள் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு 17024 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: கையில் தருகிற சான்றிதழின் உரிமை கொடுத்த நிறுவனத்திடமேதான் இருக்கும். பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், ஆனால் அது உங்களுடையது இல்லை. காலம் முடிந்தால் புதுப்பிக்கவேண்டும், நடத்தை சரியில்லை என்றால் இடைநிறுத்துவார்கள், திரும்ப எடுப்பார்கள். கோர்ஸ் முடித்த தாளை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை, நீங்கள் அந்த ஐந்து நாளும் இருந்தது இருந்ததுதான்.

அப்படியென்றால் சேர்ட்டிபைட் என்பது ஒரு நிலை. இருக்கும், போகும். "சான்றுநிலை" என்று வைத்தால் என்ன? சான்றுநிலைக் கணக்காய்வாளர். "அவருடைய சான்றுநிலை போன மாதத்தோடு முடிந்தது" என்று சொல்லலாம். அத்தாட்சி முடிந்தது என்று சொல்லிப்பாருங்கள், வாயில் வராது.

கொட்டாஞ்சேனை, புதன் காலை

நானா, இதற்குத்தான் என் வாக்கு. வருகைச் சான்றிதழ், சித்திச் சான்றிதழ், சான்றுநிலை. மூன்று படி, மூன்று பெயர்.

கல்கிசை, புதன் மதியம்

இத்தனை மடல் வாசித்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சேர்ட்டிபைட் என்று தமிழிலேயே எழுதினால் யாருக்கு விளங்காது? பிள்ளைகள் எழுதப்போகும் பரீட்சை ஆங்கிலத்தில், வேலை விளம்பரமும் ஆங்கிலத்தில். நடுவில் சனிக்கிழமை மட்டும் சான்றுநிலையா? மானிப்பாயில் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்துக் கலைச்சொல்லும் தொகுத்தார் என்று யாரும் தொடங்குவதற்கு முன்னமே நான் சொல்லிவிடுகிறேன். அவரிடம் படித்தவர்கள் பாடம் முழுவதையும் தமிழில் படித்தார்கள். இங்கே அப்படியில்லை.

தெஹிவளை, புதன் மாலை

அக்கா, பரீட்சை ஆங்கிலத்தில்தான், ஆனால் விளங்கிக்கொள்வது தமிழில். சேர்ட்டிபைட் என்று எழுதினால் சேர்ட்டிபிகேட் உள்ளவன் என்றுதான் வாசிக்கிறார்கள், தொடங்கிய குழப்பமே அதுதான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வைத்தால் குழப்பமும் கூடவே வந்து உட்காரும்.

நானாவின் சான்றுநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கிரெடிட்டேஷன்?

மதுரை, புதன் இரவு

சான்றுநிலை நல்ல சொல்தான், ஆனால் "சான்றுநிலைத் தணிக்கையாளர்" என்னும்போது நிலை யாருக்கு என்று தெளிவில்லை, சான்றின் நிலையைத் தணிக்கை செய்பவர் என்றும் பிரிக்கலாம். "சான்றுற்ற" என்றால் பெயரெச்சமாகச் சுத்தமாக நிற்கும். இல்லையென்றால் சான்றோர் இருக்கவே இருக்கிறார். புறநானூற்று 312இல் "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்பதில் சான்றோன் அறிஞன் இல்லை, வீரன். அடுத்த அடியே வேல்வடித்துக் கொடுக்கும் கொல்லனைப் பற்றியது. பயின்று களத்துக்குப் போனவன்தான் சான்றோன் என்றால் உங்கள் மூன்றாம் படிக்கு அதைவிடப் பொருத்தம் ஏது?

மருதானை, புதன் இரவு

கழிவுத்தொட்டியை எட்டிப் பார்க்கிற என்னைச் சான்றோன் என்றால் வீட்டுக்காரி விட்டுவைக்கமாட்டா. சான்றுநிலையே போதும் சேர்.

அக்கிரெடிட்டேஷனுக்குச் சிங்களத்தில் ப்ரதீதன என்று ஒரு சொல்லை எடுத்து முடித்துவிட்டார்கள், தெருவில் யாருக்கும் விளங்காது, ஆனால் வேறு எதோடும் குழம்பாது. 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைதான் இங்கே அந்த வேலையைச் செய்கிறது. நாங்கள் அங்கீகாரம் என்றால் பல்கலைக்கழக அங்கீகாரம், கட்சி அங்கீகாரம் எல்லாம் வந்து கலக்கும்.

பம்பலப்பிட்டி, வியாழன் காலை

கலக்கட்டும். "தராதர அங்கீகாரம்" என்று முன்னால் ஒரு சொல் போட்டால் தெளியும். ஏற்பிசைவு, நம்பேற்பு என்று மதுரையிலிருந்து ஏதாவது வருவதற்கு முன்னம் இதை அச்சுக்கு அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனை, வியாழன் மதியம்

ஒரு சின்னச் சந்தேகம். சுற்றாடல் என்ற சொல்லையும் மாற்றக்கூடாதா? என் மகள் முதலாம் வகுப்பில் சுற்றாடல் படிக்கிறாள். நானும் சுற்றாடல் படிக்கிறேன் என்றால் "எத்தனையாம் பாடம் அப்பா?" என்று கேட்கிறாள்.

கல்கிசை, வியாழன் மதியம்

தம்பி, பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதையும் மாற்றப் போனால் வெள்ளிக்கிழமை அடுத்த வருடம்தான் வரும்.

தெஹிவளை, வியாழன் இரவு

சரி, நிறுத்துகிறேன். வருகைச் சான்றிதழ், சித்திச் சான்றிதழ், சான்றுநிலை, தராதர அங்கீகாரம். ஆளுக்குச் "சான்றுநிலை பெற்ற கணக்காய்வாளர்" என்று விரித்தே எழுதுகிறேன், மதுரை ஐயா சொன்ன மயக்கம் வராது. கணக்காய்வு, சுற்றாடல் இரண்டும் இருந்தபடியே. கல்கிசை அக்காவுக்காகச் சேர்ட்டிபைட் என்பதை முதல் இடத்தில் பக்கத்திலேயே தமிழில் எழுதிவிடுகிறேன். அத்தாட்சி அடிக்குறிப்பில் வரும்.

மதுரை, வெள்ளி காலை

தமிழ்நாட்டில் இந்நூல் விற்கப்பட்டால் கணக்காய்வாளரைக் கணக்கப்பிள்ளை என்றே வாசிப்பார்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பம்பலப்பிட்டி, வெள்ளி காலை

அடிக்குறிப்பா! அதிலாவது "அத்தாட்சிப் பத்திரம்" என்பதில் ப் விழாமல் அச்சகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் டீச்சர்.