காளான் கையேட்டில் 'சப்ஸ்ட்ரேட்'டுக்கு என்ன சொல் போடுவது?

காளான் வளர்ப்புக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன், 'சப்ஸ்ட்ரேட்' என்ற ஒரே சொல்லில் பத்து நாளாக நிற்கிறேன். சிப்பிக் காளான் வளர்வதற்குப் பையில் அடைக்கிறோமே, அந்த வைக்கோல்தான். ஆனால் கையேட்டில் மரத்தூளும் கரும்புச் சக்கையும் வருவதால் எல்லா இடத்திலும் வைக்கோல் என்று எழுத முடியாது.

மொழிபெயர்ப்புச் செயலி 'அடி மூலக்கூறு' என்கிறது, வைக்கோல் எப்படி மூலக்கூறு ஆகும்? பாடநூலில் இருக்கும் 'தளப்பொருள்' நொதி (என்சைம்) வேலை செய்யும் பொருளைக் குறிப்பது, எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிக்கு மாவுச்சத்து மாதிரி. சரி, 'அடித்தளம்' என்று போட்டு அத்தையிடம் படித்துக் காட்டினேன், கொட்டகைத் தரை என்று புரிந்துகொண்டார். 'சப்ஸ்ட்ரேட்'டுக்கு லத்தீன் மூலத்தில் கீழே விரித்தது என்று பொருள், அதனால்தான் மின்னணுச் சில்லின் அடியில் உள்ள சிலிக்கான் தகட்டுக்கும் பெயின்ட் பூசும் சுவருக்கும்கூட ஆங்கிலத்தில் இதே சொல் ஓடுகிறது.

படிக்கப்போவது சேலம், நாமக்கல் பக்கம் புதிதாகக் காளான் போடும் பெண்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

உங்கள் ஊரில் காளான் வளர்க்கிறவர்கள், வைக்கோலோ மரத்தூளோ, பையில் அடைப்பதைப் பொதுவாக எந்தச் சொல்லால் சொல்கிறார்கள்?