வாய்ட் டெக்கில் பொது அறிவுக் குறுக்கெழுத்து: தயாரித்துப் பழகியவர்கள் கை கொடுங்களேன்

ஈசூன் மங்கை

வணக்கம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறதல்லவா, அதை ஒட்டி எங்கள் அடுக்குமாடி புளோக் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத்துத் திறந்த வெளியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்னதாக ஒன்று வைக்கிறோம். போன வருடம் கோலமும் பல்லாங்குழியும். இந்த வருடம் பொது அறிவுக் குறுக்கெழுத்து வைத்தால் என்ன என்று கூட்டத்தில் கேட்டேன். கேட்டவர்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் குழுவின் எழுதாத சட்டம். என் தலையில் விழுந்துவிட்டது.

தாத்தா பாட்டி, அப்பா அம்மா, தொடக்கநிலைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டும். 11க்கு 11 கட்டம். பாதி சிங்கப்பூர், பாதி உலகம்.

ஆங்கிலக் குறுக்கெழுத்து தயாரித்துக் கொடுக்கும் இணையதளம் ஒன்றில் சொற்களைக் கொட்டிப் பார்த்தேன். கொம்பு ஒரு கட்டத்தில், கால் ஒரு கட்டத்தில், புள்ளி தனியாக ஒரு கட்டத்தில். சிங்கப்பூருக்கு மட்டும் 11 கட்டம் கேட்கிறது. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாப்பிட்டு முடித்த மீன் மாதிரி இருக்கு" என்றார். சரி என்று கையால் போட ஆரம்பித்தேன். ம், ன், ர் என்று முடிகிற சொல் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, மேலே நகரவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் கைபேசித் தொல்லை. முன்பு ஓரிடத்தில் இதே மாதிரி போட்டிக்கு மகளோடு போயிருந்தேன். பக்கத்து மேசைப் பையன் எல்லாக் கேள்வியையும் கூகலில் தட்டி, மற்றவர்கள் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் முடித்துவிட்டான். அவன் பாட்டி பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே தாளில் "சிங்கப்பூரின் கடைசிப் புலி சுடப்பட்ட ஹோட்டல் எது?" என்று ஒரு கேள்வி. அது உண்மையா என்றும் யாராவது சொல்லுங்கள்.

இதுவரை நான் எழுதி வைத்திருப்பது: தேசிய மலர், முதல் அதிபர், தேசிய கீதம் இயற்றியவர், உறுதிமொழி எழுதியவர், முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய நாள். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

கோப்பி ஓ கோசோங்

கைபேசியை எல்லாம் நுழையும்போதே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுங்கள். டின்னுக்குக் காவல் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், வடை போதும்.

கட்டம்கட்டி

மங்கை, முதலில் அந்த இணையதளத்தை மூடுங்கள். அது எழுத்தை எண்ணவில்லை, கணினி உள்ளே வைத்திருக்கும் குறிகளை எண்ணுகிறது. அதற்கு 'சி' என்பது ச ஒன்று, கொக்கி ஒன்று. நமக்கு சி, ங், க, ப், பூ, ர், ஆறே கட்டம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், நல்ல அழிப்பான். இவ்வளவுதான் சாமான். நான் இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

மெய்யெழுத்தில் முட்டுவது எல்லாருக்கும் நடப்பது. தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது. அதனால் ஒரு சொல் ம்-இல் முடிந்தால் அந்தக் கட்டத்திலிருந்து கீழே இன்னொரு சொல்லைக் கிளப்ப முடியாது. அந்த ம் இன்னொரு சொல்லின் நடுவில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொல்லும் அங்கேயே முடிய வேண்டும். இது தெரிந்துவிட்டால் வேலை சுலபம். ஆங்கிலக்காரர் இடது மேல் மூலையில் தொடங்கட்டும். நீங்கள் வலது கீழ் மூலையில் தொடங்குங்கள். ம், ன், ல், ர் எல்லாம் வந்து குவியும் இடம் வலது ஓரமும் கீழ் ஓரமும்தான். அங்கே பூட்டிவிட்டால் மேல் வரிசைக்கு வேண்டிய க, ச, த, ப, வ எப்படியும் கிடைக்கும். ஆங்கிலக் கட்டம் மாதிரி கறுப்புக் கட்டங்கள் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். வாய்ட் டெக்கில் அதை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியது 26 எழுத்தில் ஒன்று. நமக்கு 247இல் ஒன்று. ஆகவே குறுக்கே போகிற சொல்லிலிருந்து ஒரு 'ழ்' விழுந்தாலே பாதி விடை கையில் வந்த மாதிரி. அதே காரணத்தால், தெரியாத பெயரைத் தெரியாத பெயர் வெட்டினால் ஊகிக்க வழியே கிடையாது. ஆங்கிலத்திலாவது ஏ, ஈ, ஐ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் எதைப் போட்டுப் பார்ப்பீர்கள்? முதல் அதிபரின் பெயரைத் தேசிய கீதம் இயற்றியவரின் பெயர் வெட்டினால், இரண்டும் தெரியாதவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வடை பக்கம் போய்விடுவார். வினாடி வினாவில் தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. குறுக்கெழுத்து அப்படி இல்லை. பேரன் போட்ட எழுத்து பாட்டிக்கு வழி காட்ட வேண்டும், பாட்டி போட்டது அவனுக்கு. நாலு பேர் ஒரு தாளைச் சுற்றி உட்காருவதே அதற்குத்தான். ஒவ்வொரு கஷ்டமான விடையையும் குறைந்தது இரண்டு சுலபமான விடைகள் வெட்டும்படி வையுங்கள்.

உங்கள் பட்டியல் ஏன் கொட்டாவி விடவைக்கிறது என்றால், அதில் முக்கால்வாசி பெயர்கள். பெயர்களில் இன்னொரு வம்பும் இருக்கிறது. தேசிய கீதம் இயற்றியவரை ஸுபிர் சயித் என்று ஒருவர் எழுதுவார், ஜுபிர் சைட் என்று இன்னொருவர். முதல் அதிபருக்கு யூசோஃப், யூசுப் இரண்டும் நடமாடுகின்றன. கட்டம் மாறும், சண்டை வரும். நான் செய்வது இது: ஆடுகிற பெயரைக் கேள்வியில் வைப்பேன், ஆடாத சொல்லை விடையில் வைப்பேன். உறுதிமொழியை 1966இல் எழுதிய ராஜரத்தினத்தை விடையாகக் கேட்காதீர்கள். "உறுதிமொழியை எழுதிய நம் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் பிறந்த வட்டுக்கோட்டை எந்த ஊர்ப் பக்கம்?" என்று கேளுங்கள். யாழ்ப்பாணம். ஆறு கட்டம், ஒரே எழுத்துக்கூட்டல். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி, பாட்டிக்குப் பழகிய ஊர். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே என்ன சூளை போட்டார்? செங்கல். அவர் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரைக்கும் பேச்சு தானாகவே போகும்.

எனக்குப் பிடித்தது ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். "1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பளுதூக்கி டான் ஹாவ் லியாங் வாங்கினார், நாம் தேக்கா சந்தையில் கத்தரிக்காய்க்குக் கொடுக்கிறோம்." மூன்று கட்டம். வெள்ளி! டாலரை நாம் இங்கே அப்படித்தானே சொல்கிறோம். இந்தக் கேள்வியைச் சென்னையில் கேட்டால் விழிப்பார்கள், இங்கே ஏழு வயதுப் பிள்ளை சொல்லும். கூகலில் தட்டினால் கத்தரிக்காய் விலைதான் வரும்.

கைபேசிக்கு இன்னொரு மருந்து, பையில் இருக்கும் பொருள். இப்போது புழங்கும் நோட்டுகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் யூசோஃப் இஷாக்தான். பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள். 2 வெள்ளிக்குக் கல்வி, 10 வெள்ளிக்கு விளையாட்டு, 50 வெள்ளிக்குக் கலை. "2 வெள்ளித் தாளைத் திருப்பிப் பார்" என்று கேள்வி வையுங்கள். கூகல் தேடும் பையனை முந்திக்கொண்டு பாட்டி சுருக்குப்பையைத் திறப்பார்.

புலி விஷயம். 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலில் புலி சுடப்பட்டது உண்மை. பில்லியர்ட்ஸ் அறை அப்போது தூண்கள் மேல் நின்றது, அதன் அடியில் போய்ப் பதுங்கியிருந்தது. ஆனால் அது பக்கத்தில் நடந்த வேடிக்கைக் காட்சியிலிருந்து தப்பி வந்த புலி, காட்டுப் புலி இல்லை. தீவின் கடைசிப் புலியும் இல்லை, 1930களில்கூட இங்கே காட்டுப் புலி சுடப்பட்டிருக்கிறது. "கடைசி", "முதல்", "மிகப் பெரிய" என்று தொடங்கும் கேள்விகளை எல்லாம் சந்தேகத்தோடு பாருங்கள். பழைய செய்தி எதையாவது சரிபார்க்க வேண்டும் என்றால் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்து வைர வடிவத்தில் இருந்தது. ஆடத் தெரியாதவர்களுக்காக அதில் ஒரு சொல்லை அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். நீங்களும் நடுக்கட்டத்தில் ஒரு சொல்லை நிரப்பிக் கொடுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தால் வயதானவர்கள் தயங்குவார்கள். ஒரு சொல் விழுந்து கிடந்தால் கை தானாகப் போகும்.

தோட்டக்காரி

கட்டம்கட்டி அண்ணன் சொன்ன பெயர்ச் சண்டை மலருக்கும் உண்டு. 1981இல் தேசிய மலராக அறிவித்தபோது வாண்டா மிஸ் ஜோகிம். இப்போது தாவரவியலாளர்கள் அதை வாண்டா இனத்தில் வைப்பதில்லை, பாப்பிலியோனாந்தே என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் படித்த அப்பா வாண்டா என்பார், பூ மலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த பிள்ளை பலகையில் பார்த்ததைச் சொல்லும். விடையாக வைக்காமல் கேள்விக்குள் தள்ளிவிடுங்கள். ஆக்னஸ் ஜோகிம் 1899இல் மலர்க்காட்சிக்குக் கொண்டுவந்த இந்தச் செடி எந்த வகை என்று கேட்டால் 'ஆர்க்கிட்' எல்லாருக்கும் பொது.

கோப்பி ஓ கோசோங்

இப்போதுதான் எனக்கும் ஆசை வருகிறது. நான் ஒன்று போட்டேன்: "2016இல் ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வாங்கிய நீச்சல் எந்தப் பூச்சி பெயரில்?" வீட்டம்மா வண்ணத்துப்பூச்சி என்கிறார், நான் பட்டாம்பூச்சி என்கிறேன். எது சரி அண்ணே?

கட்டம்கட்டி

ஒன்று ஒன்பது கட்டம், இன்னொன்று ஏழு. கேள்விக்குப் பக்கத்தில் எண் போட்டுவிட்டால் வீட்டில் சமாதானம். எண்ணும் ஒத்துப்போய் இரண்டு விடை பொருந்தினால் மட்டும் கேள்வியை மாற்றுங்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைப் போட்டிகளில் இதைத்தான் வேண்டுமென்றே செய்தார்கள். 'பணம்' என்றும் பொருந்தும், 'மணம்' என்றும் பொருந்தும், மூடி வைத்த உறையில் எது இருக்கிறதோ அதற்குத்தான் பரிசு. அறிவுக்கு அங்கே என்ன வேலை, முழுச் சூதாட்டம். 1955இல் இந்தியாவில் பரிசுப் போட்டிச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்து, மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு வைக்கக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். மங்கை, உங்கள் பரிசு என்ன?

ஈசூன் மங்கை

பேரங்காடிப் பற்றுச்சீட்டு அண்ணே, 20 வெள்ளி. சட்டம் தேடி வராது.

நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன், ஒரு மூலை நின்றுவிட்டது. ஏழாவது பத்தியில் மேலிருந்து கீழாக 'நகர மண்டபம்', எட்டுக் கட்டம். எம்ஆர்டி நிலையத்தில் தமிழிலேயே எழுதித் தொங்குவதால் எழுத்துக்கூட்டல் சண்டை இல்லை. கேள்வி: "பச்சைத் தடமும் சிவப்புத் தடமும் சந்திக்கும் நிலையம், பேரைக் கேட்டால் கல்யாணம் நடக்கும் இடம் போல இருக்கும்." அதில் இரண்டாவது எழுத்து க-விலிருந்து வலப்பக்கம் 'கல்வி', உங்கள் 2 வெள்ளி நோட்டு. ஐந்தாவது ண்-ஐ வெட்டிக்கொண்டு 'லண்டன்'. சிங்கப்பூர் முதன்முதலாகக் கலந்துகொண்ட 1948 ஒலிம்பிக் நடந்த ஊர். கடைசி ம்-இல் 'யாழ்ப்பாணம்' வந்து முடிகிறது. ம்-மும் ம்-மும் ஒரே கட்டத்தில் பூட்டிக்கொண்டபோது தனியாகச் சிரித்தேன், வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

லண்டனின் ன் மட்டும் ஒன்பதாவது பத்தியில் அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு என்ன செய்ய?

கட்டம்கட்டி

மேலே ஒரு கட்டம் ஏறி 'செ', கீழே ஒரு கட்டம் இறங்கி 'னை'. சென்னை. நடுவில் ன் உட்கார்ந்துகொள்ளும், மேலே கல்வியின் வி-யோடும் ஒட்டாது. "1996இல் மதராஸ் என்ற பெயரை விட்ட நகரம்" என்று கேளுங்கள், தாத்தாக்கள் பாய்ந்து வருவார்கள்.

நடுவில் நிரப்பிக் கொடுக்கும் சொல்லாக நகர மண்டபத்தையே வைத்துவிடுங்கள். அந்தக் கல்யாணக் கேள்வியைப் படித்தால் பாதிப் பேர் திருமண மண்டபம் என்று எழுதத் தொடங்குவார்கள், பாவம். தாளை ஏ3இல் அச்சடித்து, பேனா கொடுக்காமல் பென்சில் கொடுங்கள். கண்ணாடி மறந்து வருபவர்களுக்குக் கேள்வித்தாள் மட்டும் பெரிய எழுத்தில் தனியாக ஒன்று.

கோப்பி ஓ கோசோங்

அப்படியென்றால் பிஸ்கட் டின் வேண்டாமா? வடைக்காகவாவது வருகிறேன். எந்தச் சனிக்கிழமை?