டிஷ்வாஷர் கதவு தடாலென்று விழுகிறது: கீலா, ஸ்பிரிங்கா?

கோவை மீனா:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது தனியாக நிற்கும் வகை டிஷ்வாஷர், ஆறு வருடப் பழசு. நேற்று இரவு கதவைத் திறந்தபோது வலப்பக்கம் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதிலிருந்து கதவு ஒரே கனம். முன்பெல்லாம் பாதியில் விட்டாலும் அப்படியே நிற்கும். இப்போது கையை எடுத்தால் தடாலென்று விழுகிறது. மூடினால் ஒழுங்காக மூடுகிறது, ஓடுகிறது, பாத்திரமும் சுத்தமாகத்தான் வருகிறது. சர்வீஸ் ஆளிடம் போனில் சொன்னேன், வந்து பார்க்காமலே “கதவையே மாத்தணும்” என்கிறார். நானே கழற்றிப் பார்க்கலாமா? மிக்ஸி கப்ளர் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

நொய்யல்கரை:
கீல்தான் போயிருக்கும். எங்கள் பையன் திறந்த கதவின் மேல் ஏறி உட்கார்ந்து கீல் வளைந்துபோனது. கடைசியில் கதவைத்தான் மாற்றினோம்.

பழைய ஸ்பேனர்:
கதவை மாற்றும் பேச்சு இப்போது வேண்டாம்மா. கீல் வளைந்திருந்தால் மூடும்போதே தெரிந்துவிடும். ஒரு மூலையில் இடைவெளி அதிகமாக இருக்கும், தாழ் சரியாக விழாது, கீழ்மூலையில் தண்ணீர் கசியும். உங்களுக்கு இது எதுவும் இல்லை. கயிறு அறுந்திருக்கிறது என்பது என் கணக்கு.

அந்தக் கதவு கீலின் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. அடியில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங்கையும் கீலின் கையையும் ஒரு சின்னக் கயிறு, ஒரு பிளாஸ்டிக் உருளையைச் சுற்றி இணைக்கிறது. கதவைத் திறக்கத் திறக்க ஸ்பிரிங் இழுபட்டு எடையைத் தாங்கும். வருடக்கணக்கில் உருளையில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கயிறு அறும். நீங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். இப்போது முழு எடையையும் இடப்பக்கக் கயிறு ஒற்றையாகச் சுமக்கிறது, அதுவும் அதிக நாள் தாங்காது. வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் சரியான கயிறு கிடைக்கும்.

அதுவரை திறந்த கதவின் மேல் குக்கரையும் கடாயையும் இறக்கி வைக்காதீர்கள். எல்லா வீட்டிலும் அது ஒரு சின்ன மேடை மாதிரி ஆகிவிடுகிறது!

கோவை மீனா:
அய்யா, குக்கரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! சரி, எப்படிக் கழற்றுவது?

நொய்யல்கரை:
கயிறுதான் என்றால் ஹார்டுவேர் கடை நைலான் கயிறு போதாதா?

பழைய ஸ்பேனர்:
போதாது தம்பி. நைலான் இழுபடும், முடிச்சு உருளையில் மாட்டும். இரண்டு பக்க நீளமும் ஒரேமாதிரி இல்லாவிட்டால் கதவு ஒரு பக்கமாக இழுத்து, நல்ல கீலையும் கெடுத்துவிடும்.

மீனாம்மா, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயை மூடுங்கள், உள்ளே இருக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மேடைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்த மெஷினின் கதவைத் திறந்தால் முன்பக்கமாகச் சாய வாய்ப்புண்டு, அதனால் கதவை மூடித் தாழ் போட்டே வேலை செய்யுங்கள். மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும், கையைப் பதம் பார்க்காது. கையுறை கட்டாயம், தகட்டு விளிம்பு கத்தி மாதிரி.

பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பின்பக்கமும் முன்விளிம்பிலும் இருக்கும். பலவற்றுக்கு நட்சத்திரத் தலை, டி20 பிட் கேளுங்கள் (கிரிக்கெட் இல்லை). தகட்டை எடுத்தால் அறுந்த பக்கத்து ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும். அறுந்திராத பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து இதை மாட்டுங்கள். உருளையில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் மாட்ட இரண்டு மூன்று ஓட்டைகள் இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே ஓட்டை. கதவு தானாக மேலே எழும்பினால் இறுக்கம் அதிகம், விழுந்தால் குறைவு. பாதியில் விட்டால் நிற்க வேண்டும், அதுதான் அளவு. கீல் பக்கமாகக் கதவுக்குள் ஒயர் போகும், தகட்டை மூடும்போது நசுக்கிவிடாதீர்கள்.

கோவை மீனா:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டேன். வலப்பக்கம் அறுந்தேதான் இருந்தது. இடப்பக்கமும் நார் நாராக, இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. இரண்டையும் மாற்றினேன், கதவு பாதியில் நிற்கிறது!

ஆனால் புதுப் பிரச்சினை. அடியில் கை போகவில்லை என்று மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தேன். இப்போது பிளக் போட்டதும் தண்ணீர் வெளியேற்றும் சத்தம் மட்டும் வருகிறது, நிற்கவே இல்லை. வாஷ் தொடங்க மாட்டேன் என்கிறது. எதையாவது உடைத்துவிட்டேனா?

பழைய ஸ்பேனர்:
உடைக்கவில்லை. சாய்க்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். கழுவி முடித்த பிறகும் உள்ளே, வடிகட்டிக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும். சாய்த்ததும் அது அடித்தட்டில் கொட்டியிருக்கும். பல மெஷின்களில் அந்தத் தட்டில் தெர்மாகோல் மிதவை ஒன்றும் சுவிட்சு ஒன்றும் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பிச் சுவிட்சைத் தட்டும், மெஷின் எங்கோ கசிகிறது என்று எண்ணிப் பம்ப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, தட்டில் இருப்பதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். மிதவை கீழே இறங்கியதும் சரியாகிவிடும். ஒயர்கள் நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட்.

கோவை மீனா:
ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, அதற்கே இவ்வளவு ஆட்டம்! ஒற்றி எடுத்து, ஒரு இரவு காயவிட்டுப் போட்டேன், ஓடுகிறது. நன்றி அய்யா. குக்கர் வைக்க இனித் தனியாக ஒரு முக்காலி.

மாடிவீடு:
எங்கள் வீட்டில் அலமாரியோடு பொருத்தின வகை, கதவில் மரப்பலகை மாட்டியிருக்கிறது. பலகை போட்ட நாளிலிருந்தே கதவு விழுகிறது. எனக்கும் கயிறா?

பழைய ஸ்பேனர்:
முதல் நாளிலிருந்தே என்றால் கயிறாக இருக்காது. பலகையின் எடைக்கு ஸ்பிரிங்கை இறுக்காமல் விட்டிருப்பார்கள். கதவைத் திறந்து முன்பக்கக் கீழ்விளிம்பில் இரண்டு ஓரமும் பாருங்கள், பல மாடல்களில் அங்கே ஆளுக்கொரு ஸ்க்ரூ தெரியும். இரண்டையும் ஒரே அளவு திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.