கத்தோலிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி: மதுரையிலிருந்து ஒண்டாரியோ வரும் பெற்றோருக்கு

வைகைக்கரை:
வணக்கம். ஆகஸ்டில் மதுரையிலிருந்து கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள ஸ்கார்பரோவுக்குக் குடிபோகிறோம். மகனுக்கு 9 வயது. கணக்கு நன்றாக வரும், வாசிப்புதான் வரவில்லை. டிஸ்லெக்சியா என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்க ஆசை. ஊரிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும், அங்கே யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

கீழவாசல்:
கத்தோலிக்கப் பள்ளி என்றதும் நம் மனதில் வருவது மதுரைப் பள்ளி. தலைமையில் ஒரு சிஸ்டர் இருப்பார். அறை வாசலில் நின்று "சிஸ்டர், பையனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் முன்பெஞ்சில் ஓர் இடமாவது கிடைத்துவிடும். ஒண்டாரியோ கணக்கே வேறு. இங்கே கத்தோலிக்கப் பள்ளிகள் முழுக்க அரசுப் பணத்தில் ஓடுகின்றன. பள்ளிகளை நடத்தும் வாரியங்களில் ஆங்கில வழிக் கத்தோலிக்க வாரியங்கள் மட்டும் 29. கட்டணம் கிடையாது. சிறப்புக் கல்வி தந்தே ஆகவேண்டும் என்ற 1980ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பொதுப் பள்ளிக்கும் இதற்கும் ஒன்றுதான். பிரின்சிபால் உங்கள் பேச்சை அன்பாகக் கேட்பார், தலையாட்டுவார். ஆனால் சட்டம் சொல்லும் நாள்கணக்கு ஓடத் தொடங்குவது தேதி போட்ட உங்கள் கடிதம் அவர் கைக்குப் போன பிறகுதான்.

முதலில் சேர்க்கை. எட்டாம் வகுப்பு வரை, பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற சான்றிதழைப் பெரும்பாலான வாரியங்கள் கேட்கும். சி.எஸ்.ஐ. ஞானஸ்நானச் சான்றிதழ் இதற்குப் பொதுவாக எடுபடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எந்த மதத்தவரும் சேரலாம். சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று பங்குத்தந்தையிடம் இரண்டு வரி ஆங்கிலக் கடிதம், முத்திரையோடு, கிளம்புமுன் வாங்கிவிடுங்கள். இங்கிருந்துகொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டு வாங்குவது பெரிய பாடு.

அடுத்தது மருத்துவத் தாள்கள். இராஜாஜி மருத்துவமனைச் சான்றிதழ், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இரண்டையும் எடுத்து வாருங்கள், ஆனால் அவற்றை நம்பி இருக்காதீர்கள். நம் ஊரில் 40 சதவீதம் என்ற எண்ணில்தான் சலுகையே நிற்கிறது. இங்கே அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. "டிஸ்லெக்சியா" என்று ஒரு வரி மட்டும் எழுதிய தாளாலும் பெரிய பயன் இல்லை. சோதித்தவரிடம் திரும்பப் போய் முழு அறிக்கை கேளுங்கள். எந்தச் சோதனை, எந்தத் தேதி, அன்று பிள்ளையின் வயது, ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண், எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பினே-காமத் போல இந்தியப் பிள்ளைகளை வைத்து அளவு வகுத்த சோதனையை இங்குள்ள உளவியலாளர் பின்னணித் தகவலாகவே எடுத்துக்கொள்வார், புதிதாக ஒருமுறை சோதிப்பார். ஆனாலும் பழைய அறிக்கை கையில் இருந்தால் அவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. கண், காது பரிசோதனை அறிக்கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வையும் செவியும் சரியாக இருக்கிறதா என்பதுதான் இங்கே கேட்கும் முதல் கேள்வி.

இவை எல்லாவற்றையும் விட எடை அதிகம் பள்ளி நோட்டுக்குத்தான். இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புத் தமிழ் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன். புதிதாக வந்த பிள்ளை வாசிக்கத் திணறினால் பள்ளி சொல்லும் முதல் பதில்: "ஆங்கிலம் புதிது, ஓரிரு வருஷம் பொறுங்கள்." பல பிள்ளைகளுக்கு அது சரியான பதில்தான். உங்கள் மகனுக்கு இரண்டு வருஷம் வீணாகும். அதை உடைக்க ஒரே வழி, தாய்மொழியிலும் இதே திணறல் இருந்தது என்று காட்டுவது. வெறும் ழ-ள குழப்பத்தைக் காட்டினால் எடுபடாது, மதுரையில் பெரியவர்களுக்கே அது உண்டு. குறில் நெடில் மாறுவது, கொம்பும் காலும் விடுபடுவது, உயிர்மெய்யை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி வாசிப்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதே எழுத்து விழுவது, வாயால் கேட்டால் பதில் சரியாக வருவது - இப்படிப் பத்துப் பக்கம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் என்ன பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். இங்குள்ள ஆசிரியருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து போனவர் என்றால், அவரிடமும் என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை முறை, எது பலித்தது என்று ஒரு பக்கம் வாங்குங்கள்.

இனிக் கடிதம். பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே விடுமுறை முடிந்து திறக்கும். முதல் வாரமே பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல் போகட்டும். அதில் மூன்றே செய்திகள் போதும்: என் மகனுக்காக ஐ.பி.ஆர்.சி. கூட்டக் கோருகிறேன், இணைத்துள்ள அறிக்கைகளும் நோட்டுப் பக்கங்களும் இவை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஐ.பி.ஆர்.சி. என்பது பிள்ளைக்கு எந்த வகைத் தேவை, எந்த வகுப்பில் வைப்பது என்று தீர்மானிக்கும் குழு. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். 181/98 என்ற விதிப்படி, பெற்றோர் எழுதிக் கேட்டால் பிரின்சிபால் மறுக்க முடியாது. 15 நாளுக்குள் பெற்றோர் கையேட்டையும், கூட்டம் எப்போது நடக்கும் என்ற உத்தேசத்தையும் எழுத்தில் தந்தாக வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக உங்களுக்குத் தகவல் வரவேண்டும். உங்கள் சார்பில் பேச ஒருவரை அழைத்துப் போகலாம். சிறப்பு வகுப்புக்கு அனுப்பும் யோசனைக்கு முன், போதிய உதவியோடு பொது வகுப்பிலேயே வைக்க முடியுமா என்று குழு பார்க்க வேண்டும்.

முடிவு எழுத்தில் வரும். பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் மறு சந்திப்புக் கேட்கலாம், 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் கேட்காமலேயே அந்த முடிவைச் செயல்படுத்த வாரியத்துக்கு உரிமை உண்டு. நம் ஆட்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்து மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதற்குள், "ஐ.பி.ஆர்.சி. எதற்கு, அது இல்லாமலே ஐ.இ.பி. போட்டுத் தருகிறோம்" என்று பள்ளி சொல்லக்கூடும். ஐ.இ.பி. என்பது பிள்ளைக்கென்று எழுதும் தனித் திட்டம். அதை வாங்கிக்கொள்ளுங்கள், உதவி உடனே தொடங்கட்டும். ஆனால் ஐ.பி.ஆர்.சி. கோரிக்கையைத் திரும்பப் பெறாதீர்கள். குழு கூடாமல் முடிவு இல்லை, முடிவு இல்லாமல் அப்பீல் இல்லை.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. ஐ.இ.பி. கைக்கு வந்ததும் எதைப் பார்க்கணும்?

கீழவாசல்:
சிறப்புக் கல்வித் திட்டத்தில் பிள்ளை சேர்ந்து 30 பள்ளி நாட்களுக்குள் அது எழுதி முடிய வேண்டும், ஒரு பிரதி உங்களுக்கு வரவேண்டும். வந்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே உள்ள குறியெழுத்தைப் பாருங்கள். ஏ.சி. என்றால் பாடம் அதே வகுப்புப் பாடம், கற்கும் வழிக்கு மட்டும் உதவி: கூடுதல் நேரம், வாசித்துக் காட்டும் மென்பொருள், வாய்மொழித் தேர்வு. எம்.ஓ.டி. என்றால் பாடத்தின் அளவையே இறக்கிவிட்டார்கள். நாலாம் வகுப்பில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புப் பாடம் படிப்பான். ரிப்போர்ட் கார்டில் ஏ கிரேடு வரும், வீட்டில் கேக் வெட்டுவீர்கள். பக்கத்தில் ஐ.இ.பி. என்ற சின்னக் கட்டத்தில் டிக் விழுந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஏ இறக்கிய அளவுக்கான ஏ. உயர்நிலையில் அதிகம் இறக்கினால் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவதா என்பதைப் பிரின்சிபால் தீர்மானிப்பார். டிப்ளமாவுக்கு, அதாவது பள்ளி முடிப்புச் சான்றிதழுக்கு, 30 கிரெடிட் வேண்டும். கணக்கு நன்றாக வரும் பையனுக்குக் கணக்கில் எம்.ஓ.டி. போட்டிருந்தால், வழிக்கணக்கின் ஆங்கிலத்தை அவனால் வாசிக்க முடியாததைக் கணக்கே தெரியாததாக எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். உடனே எழுதிக் கேளுங்கள்.

இலக்குகளில் "வாசிப்பு மேம்படும்" என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்த நிலைப் பத்தி, 100 சொல்லில் எத்தனை சரி, எந்த மாதத்துக்குள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் யார் சொல்லித்தருவார் என்று வரட்டும். ஆறாம் வகுப்பில் வரும் ஈ.க்யூ.ஏ.ஓ. மாகாணத் தேர்வில் கிடைக்கும் சலுகையும் ஐ.இ.பி.யில் எழுதியிருப்பதைப் பொறுத்துத்தான்.

உளவியல் சோதனைக்குப் பள்ளி வழியாகப் போனால் இலவசம், காத்திருப்பு நீளும். தனியாரிடம் பெரும்பாலும் 2,500 முதல் 4,000 டாலர் ஆகும், ஓஹிப் என்ற மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அதற்கு உதவாது. வேலையில் சேரும்போது கம்பெனிக் காப்பீட்டில் உளவியலாளர் கட்டணத்துக்கு வருஷ வரம்பு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். டிசம்பரில் பாதி, ஜனவரியில் பாதி என்று சோதனையைப் பிரித்து இரண்டு வருஷ வரம்பையும் பயன்படுத்துபவர்கள் உண்டு.

புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்குவது) இங்கே இரண்டாம் வகுப்பிலேயே கொடுத்துவிடுவார்கள். மகன் இன்னும் வாங்கவில்லை என்றால் பங்கில் தனியாகச் சொல்லுங்கள். செபங்களை வாசித்துப் படிக்க வைக்காமல் ஒலிப்பதிவாகக் கேட்க வையுங்கள்.

வைகைக்கரை:
இன்னொன்று. இந்த அறிக்கையால் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை விசா போய்விடும், மறைத்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

கீழவாசல்:
பழைய பயம். சிறப்புக் கல்விச் செலவைக் காட்டிக் குடியேற்றத்தை மறுக்கும் வழக்கத்தை 2018இல் கனடா நீக்கிவிட்டது. மறைத்துப் பின்னால் தெரியவந்தால்தான் சிக்கல், அது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகிவிடும்.

தல்லாகுளம்:
இதைப் படிக்கிற அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே உள்ளது எதுவும் அங்கே பொருந்தாது. அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளி தனியார் பள்ளி, கட்டணம் உண்டு. பெற்றோர் விருப்பத்தில் அங்கே சேர்த்த பிள்ளைக்கு ஐடியா (IDEA) என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டப்படி ஐ.இ.பி. கேட்கும் தனி உரிமை இல்லை. கிடைத்தால் 'சர்வீசஸ் பிளான்' என்ற சிறிய திட்டம் கிடைக்கும். ஆனால் சோதனை இலவசம். அதை நடத்த வேண்டியது அந்தக் கத்தோலிக்கப் பள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பொதுப்பள்ளி மாவட்டம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். நியூ ஜெர்சி என்றால் 192, 193 என்று இரண்டு மாநிலச் சட்டப் பிரிவுகளின் கீழ் தனியார் பள்ளிக்குள்ளேயே துணைப்பாடமும் பேச்சுப் பயிற்சியும் வரும். அதற்கு 407-1 என்ற படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுக்க வேண்டும்.