ஒரே போத்தல் கடல் நீர், இரண்டு அளவு: உவர்த்தன்மை பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் திருகோணமலையில் கடல் விஞ்ஞானம் படிக்கும் 3ஆம் வருட மாணவி. செயற்திட்டத்துக்காக 4 வாரமாக உட்துறைமுகத்திலும் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவிலும் உவர்த்தன்மை (நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது) அளக்கிறேன். மகாவலி ஆறு வந்து விழும் இடம் என்பதால் அங்கே வித்தியாசம் வரும், அது தெரியும். ஆனால் ஒரே போத்தல் நீர் காலையில் 33 (1 கிலோ கடல் நீரில் 33 கிராம் உப்பு), மதியம் 2 மணிக்கு 30 காட்டுகிறது.

கருவி கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி நீரில் எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பின் அளவைக் காட்டுவது), 0 முதல் 100 வரை அளவுகோல், 10 முதல் 30 பாகை வரை தானாக வெப்பம் ஈடுசெய்யும் வகை. காலையில் உள்ளே பார்த்தால், அளவைக் காட்டும் கோடு, அதாவது நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு, கத்தி மாதிரி நிற்கும். மதியம் மங்கிப் பரவுகிறது.

காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நேரமும் 0 சரியாக வந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், குமிழி இல்லாமல் மூடினேன், நிழலில் வைத்து ஆறவிட்டும் 2 அலகு குறைகிறது. வகுப்பில் 14 பேருக்கு ஒரு கருவிதான். ஒரே ஒரு நாள் காட்டித் தந்தார்கள், 0 பார்ப்பதோடு பாடம் முடிந்துவிட்டது.

அப்புறம் வாசித்ததில், 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைட்டை நீரில் கரைத்து மொத்தம் 1 கிலோ ஆக்கினால், கடல் நீர் அளவுகோலில் 35 காட்ட வேண்டும் என்று அறிந்தேன். அந்தக் கரைசலில் இப்போது கருவியைச் சரிபார்த்து, பழைய 4 வார அளவீடுகளைத் திருத்திப் பயன்படுத்தலாமா, இல்லை எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டுமா?