துடைப்பக் கட்டையில் சுற்றிய பெயர்கள்

நியூசிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய கேட் ஷெப்பர்டின் கதையை எட்டு வயது மகளுக்கு நான் முதலில் சொன்ன விதம் சரியில்லை. 1893 செப்டம்பர் 19 அன்று ஆளுநர் சட்டத்தில் கையெழுத்திட்டார், தன்னாட்சி பெற்ற நாடுகளில் நியூசிலாந்தில்தான் முதன்முதலாகப் பெண்கள் அனைவருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது என்று முடிவிலிருந்து தொடங்கினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை வெலிங்டன் தேசிய நூலகத்திற்கு அழைத்துச் சென்றேன். வாக்குரிமை கேட்டு அந்தக் காலத்துப் பெண்கள் கையொப்பமிட்ட மனு, தாள் கெடாதிருப்பதற்காக வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கும் அறை ஒன்றில் அங்கே இருக்கிறது. கண்ணாடிக்குள் விரித்து வைத்திருப்பது சிறு பகுதிதான். மகள் மூக்கு கண்ணாடியில் படும்படி குனிந்து, மை மங்கிய பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து, “இவ்வளவு தாளையும் யார் அம்மா ஒட்டினார்கள்?” என்று கேட்டாள். கதை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

லிவர்பூலில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்த கேட், 1869இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் கப்பலேறி கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வந்தவர். கணவர்கள் கூலியைக் குடித்துத் தீர்த்ததால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு மதுவிலக்குக்காகத் திரண்ட பெண்கள் சங்கத்தில் 1885இல் சேர்ந்தார். அச்சங்கத்தார் நாடாளுமன்றத்திடம் சட்டம் கேட்டபோது, வாக்கு இல்லாதவர்களின் சொல் அங்கே எடுபடவில்லை. ஆகவே முதலில் வாக்கைக் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். 1887இல் அந்தப் பணியைக் கேட் ஏற்றார். குழந்தைகளுக்கு இந்தக் காரணம் எளிதில் விளங்குகிறது.

1891இல் 9,000க்கும் மேற்பட்ட கையொப்பங்கள் கிடைத்தும் சட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு ஏறக்குறைய 20,000 கிடைத்தும் நிறைவேறவில்லை. 1893இல் திரட்டிய மனுக்களில் மொத்தம் ஏறத்தாழ 32,000 பெயர்கள் இருந்தன. ஊர் ஊராக வந்து சேர்ந்த தாள்களைக் கேட் தம் வீட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கட்டை ஒன்றில் சுற்றினார். பெரிய மனுவில் மட்டும் 546 தாள்கள். நீளம் 270 மீட்டருக்கும் மேல். எங்கள் வீட்டு நடைகூடம் 7 மீட்டர். மகளும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதுபோல் 39 நடைகூடங்கள் வேண்டும். தோற்ற இரண்டு ஆண்டுகளையும் தயவுசெய்து குழந்தைகளிடம் விட்டுவிடாமல் சொல்லுங்கள். என் மகள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சர் ஜான் ஹால் என்ற உறுப்பினர் அந்தச் சுருளை அவையின் நடுவே உருட்டிவிட்டார். தாள் விரிந்துகொண்டே போய், கட்டை எதிர்ச் சுவரில் “டம்” என்று மோதி நின்றது. நாங்களும் பழைய துடைப்பக் கட்டையில் தாளைச் சுற்றி நடைகூடத்தில் உருட்டினோம். உடனே அவள், “கேட் ஏன் தானே உருட்டவில்லை?” என்றாள். பெண்கள் அங்கே உறுப்பினராக முடியாது என்றேன். வாக்குரிமைச் சட்டம் மேலவையில் 20க்கு 18 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. அது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களுக்கும் சேர்த்தே உரிமை தந்தது. ஆனால் தேர்தலில் நிற்கும் உரிமை 1919இல்தான் வந்தது; எலிசபெத் மெக்கோம்ப்ஸ் முதல் பெண் உறுப்பினரானது 1933இல். “அதுவரை கேட் இருந்தாரா?” என்று கவலையோடு கேட்டாள். இருந்தார், அடுத்த ஆண்டு சூலையில்தான் காலமானார் என்றதும் அவள் முகம் தெளிந்தது.

அந்தக் கட்டை இப்போது எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. தெருமுனைப் பூங்காவில் அறுந்து தொங்கும் ஊஞ்சலைச் சரிசெய்யக் கோரி அவள் மனு எழுதியிருக்கிறாள். சென்ற வாரம் ஊரிலிருந்து வந்த என் மாமியார், கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, பதினேழாவது பெயராகத் தமிழில் கையொப்பமிட்டார்.